சீனி வியாதியும் கண்ணில் படரும் வெள்ளையும்

அண்மையில் என்னிடம் வந்த 58 வயது அம்மா ஒருவர், ஆறு மாதத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியிருந்தார். "டொக்டர், முதல் வடிவாத் தெரிஞ்சுது, பிறகு திரும்பவும் மங்கல்" என்றார். கண்ணாடிக் கடையில் பிழையில்லை. இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லைக்குள் இருக்கும் நீரின் அளவும் மாறுகிறது. கண்ணாடியின் பவர் பொருந்தாமல் போகிறது. சீனி சில வாரங்களாவது ஒரு நிலையில் நின்ற பிறகே புதுக் கண்ணாடிக்குக் காசு செலவழியுங்கள்.

அவருக்கு வெண்புரையும் தொடங்கியிருந்தது. ஊரில் கண்ணில் வெள்ளை படருது என்போமே, அதுதான்.

கண்வில்லைக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. தன்னைச் சூழ்ந்துள்ள நீரிலிருந்தே குளுக்கோசைப் பெறுகிறது. அது உள்ளே போக இன்சுலின் தேவையில்லை. எனவே இரத்தத்தில் கூடினால் வில்லையிலும் கூடும். மிஞ்சியதை ஒரு நொதியம் சோர்பிட்டோல் என்ற பொருளாக மாற்றுகிறது. சோர்பிட்டோல் இலகுவில் வெளியேறாது, தண்ணீரை உள்ளே இழுக்கும். ஊறப்போட்ட கடலை மாதிரி வில்லையின் நார்கள் ஊதிச் சிதைகின்றன. இன்னொரு பக்கம், சீனி வில்லையின் புரதங்களிலும் ஒட்டுகிறது. வில்லையின் நடுவிலுள்ள புரதங்கள் நாம் பிறக்கமுன் உண்டானவை, புதுப்பிக்கப்படுவதில்லை. பட்ட சேதம் பட்டதுதான்.

வயது போனால் எவருக்கும் வெண்புரை வரலாம். ஆனால் 65 வயதுக்கு உட்பட்டவர்களில், நீரிழிவு உள்ளோருக்கு இது மூன்று, நான்கு மடங்கு அதிகம். இதைக் கரைக்கும் சொட்டுமருந்து எதுவும் இல்லை. யாரும் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

"முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்று பலர் இருக்கிறார்கள். எங்கள் அம்மம்மாமார் அப்படித்தான் காத்திருந்தார்கள். அன்றைய சத்திரசிகிச்சை முறை அப்படி. இன்று சின்னத் துளையால் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுப்பதால், முத்தி இறுகினால்தான் கஷ்டம். அதைவிட முக்கியம், வெள்ளை தடித்தால் பின்னாலுள்ள விழித்திரை வைத்தியருக்குத் தெரியாது. நீரிழிவு நிரந்தரமாகப் பார்வையைப் பறிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே வெட்டுவதற்கு முன் விழித்திரையைப் பார்க்கவேண்டும். அங்கே வீக்கம் இருந்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் அது கூடலாம். அந்த அம்மாவுக்கு நடுப்பகுதியில் வீக்கம் இருந்தது. முதலில் அதற்கு ஊசி, பிறகுதான் வெண்புரை என்றார் கண் வைத்தியர். "கண்ணுக்குள்ளயோ?" என்று பயந்துபோனார். மரத்துப்போகச் சொட்டு விட்டபிறகுதான் போடுவார்கள். இப்போது இரண்டாவது ஊசியும் முடிந்துவிட்டது. கண்ணாடி மட்டும் இன்னும் மாற்றவில்லை.