76-க்கும் 80-க்கும் நடுவே

ஜூன் மாதம் எழுதிய ஜியாமெட்ரித் தேர்வில் என் மகள் 76 வாங்கினாள். வேறு தேர்வாக இருந்தால் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது. இது அப்படியல்ல. டெக்சாஸில் ஒரு பாடத்தை வகுப்பில் படிக்காமலே தேர்வு மட்டும் எழுதித் தாண்டிப் போக நூற்றுக்கு 80 வேண்டும். 79 வாங்கினாலும் பயனில்லை. ஒரு பாடத்துக்கு இரண்டே முறைதான் எழுத முடியும். அதில் ஒன்று போய்விட்டது.

'கிரெடிட் பை எக்ஸாம்' என்பது இதன் பெயர். டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கத்துத் தமிழ் வீடுகளில் 'சி.பி.இ.' என்றால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆண்டை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டிலும் பள்ளி மாவட்டங்கள் இந்தத் தேர்வுக்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பது மாநில விதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமும் இதற்கான வினாத்தாள்களைத் தயாரிக்கின்றன. எட்டாம் வகுப்பில் 'ஆல்ஜீப்ரா 1' முடித்த பிள்ளை, கோடை விடுமுறையில் ஜியாமெட்ரியை இப்படித் தாண்டிவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் நேரே 'ஆல்ஜீப்ரா 2'-வில் போய் உட்காரலாம். கால்குலஸ் ஓராண்டு முன்னதாக வந்துவிடும்.

இந்த அவசரத்துக்காகப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். 1997-இல் வந்த ஒரு சட்டப்படி, தன் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினுக்கு மட்டும் அந்த வரம்பு இறுகிக்கொண்டே வந்து, 2026 சேர்க்கையிலிருந்து ஐந்து சதவீதமாகிவிட்டது. கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி தரும் பள்ளிகளில், யார் எந்தக் கணக்கை எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்பது தர வரிசையையே மாற்றிவிடும். பக்கத்து வீட்டுப் பையன் ஜியாமெட்ரியைத் தாண்டிவிட்டான் என்று கேள்விப்பட்டால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கும் கலங்கியது.

ஆனால் எங்கள் கணக்கு தப்பியது வேறோர் இடத்தில். தமிழ்நாட்டில் படித்த எங்களுக்கு வடிவியல் என்பது ஓர் அத்தியாயம். ஆறாம் வகுப்பில் கொஞ்சம், எட்டில் கொஞ்சம், பத்தில் தேல்ஸ் தேற்றமும் தொடுகோடும். கவராயமும் பாகைமானியும் மூலைமட்டமும் வைத்த பெட்டியோடு தேர்வுக்குப் போய், முக்கோணத்தைச் சரியாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். எனவே 'ஓர் அத்தியாயத்தை ஆறு வாரத்தில் முடிக்க முடியாதா?' என்றுதான் நினைத்தோம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் அது அத்தியாயமல்ல, முழுதாக ஓர் ஆண்டு. ஹார்வர்டு கல்லூரி 1844-இல் சேர்க்கைக்கு ஜியாமெட்ரியைக் கட்டாயமாக்கியது. கல்லூரியில் கற்பித்த பாடம் அதன்பின் மெல்ல மெல்லப் பள்ளிக்கு இறங்கி வந்தது. அந்த ஓராண்டை ஒதுக்கியதன் நோக்கம் பரப்பளவும் கன அளவும் மட்டுமல்ல. ஒரு கூற்று உண்மை என்பதை, எதிரில் இருப்பவர் மறுக்க முடியாதபடி எழுதிக் காட்டப் பழக்குவதும்தான்.

முதல் முறை நாங்கள் தயாரான விதத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. பயிற்சித்தாள்களை அச்செடுத்தோம், காணொலிகளைப் பார்த்தோம். சூத்திரங்களை அட்டையில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். தேர்வு முடிந்து வந்தவள், நிரூபணத்தின் நடுவே ஒரு வரியைக் கொடுத்து 'இதற்குக் காரணம் எது?' என்று கேட்ட கேள்விகளில் எல்லாம் ஊகித்துதான் எழுதினேன் என்றாள்.

மறுநாள் சமையலறை மேசையில் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். "ரெண்டு முக்கோணம் சர்வசமம்னு எப்படிச் சொல்லுவ?"

"எஸ்.எஸ்.எஸ்., எஸ்.ஏ.எஸ்., ஏ.எஸ்.ஏ., ஏ.ஏ.எஸ். அப்புறம் ரைட் டிரையாங்கிளுக்கு ஹெச்.எல்."

நாங்கள் ப-ப-ப, ப-கோ-ப என்று படித்த அதே பட்டியல்தான். "எஸ்.எஸ்.ஏ. ஏன் இல்லை?"

"அது ஒர்க் ஆகாதும்மா. அவ்ளோதான்."

நான் கவராயத்தை எடுத்துக் கொடுத்தேன். கிடையாக ஒரு கோடு. அதன் இடது முனையில் 30 பாகைக் கோணம். சாய்ந்த கோட்டில் 8 செ.மீ. அளந்து ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் முள்ளை ஊன்றி, 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வில். அவள் வரைந்தாள். வில் கீழ்க்கோட்டை ஓரிடத்தில் அல்ல, ஈரிடங்களில் வெட்டியது. இடது முனையிலிருந்து ஏறத்தாழ 3.9 செ.மீ. தூரத்தில் ஒன்று, 9.9 செ.மீ. தூரத்தில் ஒன்று. அதே கோணம், அதே இரண்டு பக்கங்கள், ஆனால் ஒன்று ஒடுங்கியும் ஒன்று நீண்டும் இரண்டு முக்கோணங்கள். மேலிருக்கும் புள்ளியிலிருந்து கீழ்க்கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 4 செ.மீ. வில்லின் ஆரம் அதைவிடக் கொஞ்சம் பெரிது, 8-ஐ விடச் சிறிது. அதனால்தான் இரண்டு முறை தொட முடிகிறது. இதை அவளே கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

பிறகு அவள் கேட்டாள்: "அப்போ ஹெச்.எல்.-உம் எஸ்.எஸ்.ஏ. மாதிரிதானே? கோணம் நடுவுல இல்லையே. அது மட்டும் எப்படி ஒர்க் ஆகுது?"

கர்ணமும் ஒரு பக்கமும் சமம் என்றால் போதும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. பதில் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1957-இல் டீனா, பியர் வான் ஹீலே என்ற கணவன் மனைவி இருவரும் முனைவர் பட்ட ஆய்வுகளை முடித்தார்கள். இருவருமே பள்ளி ஆசிரியர்கள். பிள்ளைகள் வடிவியலைப் படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள் என்பது அவர்கள் வகுப்பறையில் கண்டது. முதலில் உருவத்தைப் பார்த்து அடையாளம் காண்பது, பிறகு அதன் பண்புகளைச் சொல்வது, பிறகு ஒரு பண்பிலிருந்து இன்னொன்று எப்படி வருகிறது என்று பார்ப்பது, அதன் பிறகே முறையான நிரூபணம். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் மேலே சொல்லப்படுவது வெறும் மனப்பாடமாகிவிடும். டீனா ஆய்வை முடித்த சில காலத்திலேயே இறந்துபோனார். என் மகளின் 76-ஐப் பார்க்கும்போது அந்த அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். பண்புகள் என்ற படிவரை அவள் ஏறியிருந்தாள். அடுத்த படியில் கால் வைக்க நாங்கள் நேரம் கொடுக்கவே இல்லை.

இரண்டாவது தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. பயிற்சித்தாள்களை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினோம். மற்ற நாட்களில் நாளுக்கு ஒரு நிரூபணம், முழு வாக்கியங்களில். ஒவ்வொரு வரிக்கும் கீழே நான் 'ஏன்?' என்று எழுதுவேன், அவள் பதில் எழுத வேண்டும். வட்டத்தின் மையத்தில் உள்ள கோணம், அதே வில் பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல் இரு மடங்கு என்பதற்கு மூன்று நாள் பிடித்தது. மையம் கோணத்துக்குள் வரும், அதன் கரத்தின் மேல் வரும், வெளியேயும் வரும். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாட்களை வீண் என்று நான் நினைத்த தருணமும் உண்டு.

கார்ஃபீல்டின் நிரூபணம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜேம்ஸ் கார்ஃபீல்டு பின்னால் அமெரிக்க அதிபரானவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது பிதாகரஸ் தேற்றத்துக்குப் புதிதாக ஒரு நிரூபணம் கண்டார். 1876-இல் ஒரு கல்வி இதழ் அதை வெளியிட்டது. ஒரே மாதிரியான இரண்டு செங்கோண முக்கோணங்களை, ஒன்றின் சிறிய பக்கமும் மற்றதின் பெரிய பக்கமும் ஒரே கோட்டில் வரும்படி அடுத்தடுத்து வைக்கிறார். மேல்முனைகளை இணைத்தால் சரிவகம் கிடைக்கிறது. அதன் பரப்பை ஒருமுறை சரிவகமாகவும், மறுமுறை மூன்று முக்கோணங்களின் கூட்டலாகவும் எழுதினால் தேற்றம் தானாக விழுகிறது. "பிரெசிடென்ட்டா இதைப் பண்ணாரு?" என்று கேட்டுவிட்டு, அன்று இரவே பாட்டிக்கு வீடியோ அழைப்பில் வரைந்து காட்டினாள்.

பொதுவான புத்தகங்களை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்திட்டத்தை டெக்சாஸ் ஏற்கவில்லை. இங்குள்ள பாடத்திட்டத்தில் நிகழ்தகவு உண்டு, கோளத்தின் மேல் வரையும் வடிவியலும் உண்டு. முதல் முறை அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. இந்த முறை ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல் மூன்று ரப்பர் பேண்டுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக மாட்டினோம். பழம் எட்டு முக்கோணங்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் மூன்று செங்கோணங்கள், கூட்டினால் 270 பாகை. 180 என்பது தட்டையான தாளுக்கு உரிய உண்மை என்பதைப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு வர்க்கமூலங்களைச் சுருக்குவது, செங்குத்துக் கோடுகளின் சாய்வு என்று ஆல்ஜீப்ராவில் துருப்பிடித்திருந்ததையும் துடைத்து எடுத்தோம்.

ஜூலை கடைசியில் இரண்டாவது முறை எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை. 80 வராவிட்டால் ஆகஸ்ட்டில் ஜியாமெட்ரி வகுப்பில் உட்காருவாள். அந்த எண்ணம் ஜூனில் எனக்கு இழப்பாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

தேர்வு எழுதிய மறுநாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது நோட்டோடு வந்தாள். கீழ்க்கோட்டின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அதன் உச்சியில் கவராயத்தின் முள் குத்திய ஓட்டை. அங்கிருந்து வரைந்த வில், செங்குத்துக் கோட்டின் இருபுறமும் கீழ்க்கோட்டை வெட்டியிருந்தது.

"அம்மா, இதுலயும் ரெண்டு முக்கோணம் வருது, பாருங்க. ஆனா இது அதோட மிரர். மடிச்சா ஒண்ணுமேல ஒண்ணு உட்காரும். அதான் ஹெச்.எல். ஒர்க் ஆகுது."

தாளை மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.