தணலுக்கு மேலே ஒரு தட்டம்

அடுப்பை வாங்குவதற்கு ஆயிரம் யோசனை செய்கின்ற நம்மவர், அதனுள்ளே வைக்க வேண்டிய தட்டத்தைப் பற்றிக் கணப்பொழுதும் சிந்திப்பதில்லை. கையில் அகப்பட்ட தகரத்தை உள்ளே தள்ளிவிட்டு, வாட்டிய கோழி கசக்கின்றதே, புகைநாற்றம் வீசுகின்றதே என்று அடுப்பின்மேல் பழி சுமத்துவோரை நாம் கண்டிருக்கிறோம். குற்றம் பெரும்பாலும் அடுப்பினுடையதன்று. அதன் வயிற்றில் கிடக்கும் அந்தத் தட்டத்தினுடையது.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சார்ந்த அன்புவழிபுரம் போன்ற ஊர்களில் தணலில் மீன் சுடுவது புதிய வித்தை அன்று. முற்றத்தில் கல் அடுக்கி, சிரட்டைக்கரி மூட்டி, கம்பித்தட்டில் சூடையையோ கீரியையோ பரப்பினால், சில நிமிஷங்களில் மீன் வெந்துவிடும். இதற்குத் தட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால், தேங்காய்ப்பாலும் மிளகாயும் பூசிய முழுப் பாரை மீனையோ, தோலோடு கூடிய முழுக் கோழியையோ சுட வேண்டுமானால் காரியம் வேறு. நேர்த்தணலில் வைத்தால் மேற்புறம் கரியாகும். உள்ளே எலும்போரம் பச்சையாகவே இருக்கும். இத்தகைய உணவுக்கு மூடிய சூடும் நிதானமும் வேண்டும். அதற்கென்றே அமைந்தது, முட்டை வடிவில் கனத்த சுவரோடு கூடிய சுட்டமண் அடுப்பு.

இவ்வடுப்பின் பூர்வீகம் ஜப்பான். அந்நாட்டு மொழியில் 'கமாடோ' என்றால் அடுப்பு. சோறு சமைப்பதற்கு அங்கே வழங்கிய மூடியுள்ள மண் அடுப்பைக் கண்டு மயங்கிய அமெரிக்கப் படையினர், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னர் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1974ஆம் ஆண்டில் எட் பிஷர் என்பவர் அத்திலாந்தா நகரில் இதற்கென ஒரு கடை திறந்தார். மண் அடுப்பு வெடித்துப் போவதைக் கண்டு, பின்னர் அதை உறுதியான பீங்கான் வகையில் செய்வித்துப் பச்சை நிறம் பூசி விற்றார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைமீது குண்டு பொழிந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊரில், அதே நாட்டின் அடுப்பைப் பற்றி இன்று சாவகாசமாகப் பேசுகிறோம். காலம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

அடுப்பின் அடியில் காற்று நுழைய ஒரு துவாரம். உச்சியில் புகை வெளியேற ஒரு துவாரம். இரண்டையும் திறந்தும் குறுக்கியும் வெப்பத்தை ஆளலாம். தணலுக்கும் உணவுக்கும் இடையே சுட்ட களிமண்ணாலான ஒரு பலகைக்கல்லை வைப்பார்கள். சூடு அக்கல்லைச் சுற்றிக்கொண்டு மேலேறி, வளைந்த மூடியில் பட்டுத் திரும்பி, உணவை எல்லாப் பக்கமும் வேகவைக்கும். தட்டம் இருக்க வேண்டிய இடம், இக்கல்லுக்கு மேலே, கம்பித்தட்டுக்குக் கீழே.

தட்டம் இல்லாவிடில் என்ன நேரும்? கோழியின் கொழுப்பு கல்லின்மேல் சொட்டும். கல் அதை உறிஞ்சிக் கருகச் செய்யும். ஒரு பகுதி ஓரத்தால் வழிந்து தணலில் விழுந்து தீப்பற்றும். அப்போது எழும் புகை வெறும் நாற்றம் மட்டுமன்று. தணலில் எரியும் கொழுப்பின் புகையில் பென்சோபைரீன் முதலான பொருட்கள் உண்டாகி உணவின்மேல் படிகின்றன. பென்சோபைரீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் எனப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. குழந்தைகளுக்கு ஊட்டும் உணவில் இதைக் குறைக்க ஒரு தட்டத்தால் முடியுமானால், அத்தட்டத்தைச் சற்றுக் கவனித்துத் தெரிவு செய்வதில் தவறில்லை அல்லவா?

பலரும் செய்யும் பிழை, தட்டத்தைக் கல்லின்மேல் நேராக வைத்துவிடுவது. மூடிக்குள் வெப்பம் 180 பாகை செல்சியஸ் என்று மானி காட்டும்போது, தணலை நேரே நோக்கியிருக்கும் கல் அதைவிட மிகுதியாகக் காய்ந்திருக்கும். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 175 பாகையிலேயே புகையத் தொடங்கும். ஆகவே, கல்லில் ஒட்டிய தட்டத்தில் விழும் ஒவ்வொரு துளியும் கருகிப் புகையும். கொழுப்பு தணலில் விழாமல் காத்தும் பயனில்லாமற் போகும். கல்லுக்கும் தட்டத்துக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டால் போதும். உடைந்த ஓட்டுத் துண்டுகள் மூன்றை, ஒரே கனமுள்ளவையாகப் பார்த்து, நன்கு உலர்த்தி, கல்லின்மேல் முக்கோணமாக வைத்து அதன்மேல் தட்டத்தை இருத்துங்கள். செலவு ஒரு சதமும் இல்லை. இந்த ஒரு காரியத்தைச் செய்பவருக்கு மற்றக் குறைகளிற் பாதி தாமே நீங்கிவிடும் என்பது நமது எண்ணம்.

அளவு, உணவைக் கொண்டு தீர்மானிக்கப்பட வேண்டியது. கோழியின் நிழல் எவ்வளவு விழுமோ அதைவிடச் சுற்றிலும் ஒரு விரற்கடை பெரிதாக இருந்தாற் போதும். பெரியதே நல்லது என்று அடுப்பின் சுவரைத் தொடும் தட்டத்தை வைத்தால், சூடு மேலேற வழியின்றிக் கீழே முடங்கும். கோழியோ வேகாமல் விழித்துக்கொண்டிருக்கும். தட்டத்தின் விளிம்பு ஒன்றரை அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அதற்குக் குறைந்தால், கொழுப்பு நிறைந்த தட்டத்தை வெளியே எடுக்கும்போது கையிலும் காலிலும் சிந்தும்.

இனி, எதனாற் செய்த தட்டம் என்ற கேள்வி. நம் வீடுகளில் முதலிற் கைக்கு வருவது பிஸ்கட் தகரத்தின் மூடி. அதை விலக்குக. தகரத்தின்மேல் பூசிய வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும்; வெளியே தீட்டிய வர்ண மையும் எரியும். நாகம் பூசிய வாளித் தகரமும் ஆகாது. கடுஞ்சூட்டில் அதன் ஆவி மூச்சுக்குக் கேடு, புளியும் எலுமிச்சையும் பட்டால் நாகம் கரைந்து உணவிற் சேரும். அலுமினியத் தட்டம் மலிவானது, இலேசானது. கல்லுக்கு மேலே இருக்கும்வரை அதனால் தீங்கில்லை; ஆனால் சொட்டிய சாற்றைக் குழம்புக்கு எடுப்பதாயின், புளி சேர்த்த மசாலாவுக்கு அது ஏற்றதன்று. கடலோர உப்புக்காற்றில் வார்ப்பிரும்பு துருவேறும். மண்சட்டி கொழுப்பை உறிஞ்சும். சூடேறிய நிலையிற் குளிர்நீர் பட்டால் பிளந்தும் போகும். நாம் தெரிவு செய்வது எவர்சில்வர் தட்டத்தை, அல்லது பூச்சுப் பெயராத எனாமல் தட்டத்தை. பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இருத்தலாகாது.

தட்டத்தில் நீர் விடலாமா என்பது சமையற்காரர் நெடுங்காலமாக வாதாடும் விஷயம். நீர் உள்ளவரை தட்டத்தின் அடி 100 பாகைக்கு மேல் அதிகம் ஏறாது, கொழுப்பும் கருகாது. இது இலாபம். ஆயினும், நீரை ஆவியாக்கவே கரி மிகுதியாகச் செலவாகும். கோழித்தோலும் மொறுமொறுப்பின்றிச் சவசவத்துப் போகும். சுட்டமண் அடுப்போ காற்றை மிகக் குறைவாகவே உள்வாங்குவது. உணவின் ஈரத்தைத் தானே காத்துக் கொள்ளும். ஆகவே ஒரு மணி நேரச் சமையலுக்கு அரை அங்குல இடைவெளியே போதும், நீர் வேண்டாம் என்போம். பன்றியிறைச்சி போன்ற கொழுப்பு மிகுந்ததைப் பல மணி நேரம் வாட்டும்போது மாத்திரம், தொடக்கத்திலேயே வெந்நீர் விட்டு வையுங்கள். இடையில் வற்றிவிட்டதே என்று கொதிக்கும் கொழுப்பில் நீரை ஊற்றுவது ஆபத்து. ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 1,700 லீற்றர் ஆவியாக விரியும். அந்த வேகத்தில் எரிகொழுப்பு முகத்தில் தெறிக்கும். பற்றிக்கொண்ட கொழுப்புத் தீக்கும் நீர் ஆகாது. மேலும் கீழும் உள்ள துவாரங்களை அடைத்து மூடியைத் திறவாதிருந்தால் தீ தானே அவியும்.

மூடியைத் திறக்கும் முறையும் ஒன்று உண்டு. காற்றுக் குறைந்து அடங்கிக் கிடக்கும் தணல், மூடி சடுதியில் திறக்கப்பட்டதும் காற்றை உண்டு குபீரெனச் சீறும். முதலில் இரண்டு அங்குலம் தூக்கிச் சற்றுப் பொறுத்து, பின்னரே முழுதும் திறக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கீழ்த்துவாரத்தைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைப்பது நன்று. மாரிகாலத்தில் மழைக்கு அஞ்சி அடுப்பைக் குசினிக்குள் இழுப்போரும் உளர். எரியும் கரியிலிருந்து வெளிப்படும் காபனோரொட்சைட்டு நிறமற்றது, மணமற்றது. மூடிய அறையில் உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லவல்லது. மழை ஓயும்வரை கோழி காத்திருக்கட்டும். அல்லது அன்றைக்குக் கறியாகட்டும்.

சமையல் முடிந்தபின் தட்டத்தில் தேங்கியது பொன்னிறமாக இருந்தால், மேலே மிதக்கும் கொழுப்பை அகப்பையால் வழித்தெடுத்துவிட்டு, அடியிலுள்ள சாற்றில் சிறிது மிளகும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சோற்றுக்கு விட்டுக் கொள்ளலாம். அதன் சுவை தனி. கறுத்திருந்தால் ஆசைப்படாமற் கொட்டிவிடுங்கள். அதையும் வடிகாலில் ஊற்றினால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆறியபின் பழைய பத்திரிகைக் கடதாசியில் வழித்தெடுத்துக் குப்பையோடு சேர்த்து, தட்டத்தைத் தேங்காய்த் தும்பினால் தேய்த்துச் சுடுநீரிற் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.