வீடு மாறும் காலத்திற் கோழிகளைப் பிறர் பொறுப்பில் விடுதல்

வீடு மாறும் கமக்காரர் விதைநெல், மண்வெட்டி, மாடு ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்து ஒழுங்கு செய்கின்றனர். கோழிகளின் நினைவோ பெரும்பாலும் லொறி படலையில் வந்து நின்ற பின்னரே வருகின்றது. புதிய வளவிற் கூடு கட்டி முடிந்திராது, வேலியும் அடைபட்டிராது. ஆதலின் பத்துப் பன்னிரண்டு கோழிகளையும் சில கிழமைகளுக்கு அயலவரிடமோ உறவினரிடமோ விட்டுச் செல்லுதல் வழக்கமாயுள்ளது. இவ்வழக்கத்திற் குற்றமில்லை. ஆயின், அவை எவ்வாறு விடப்படுகின்றன என்பதிலேயே இரு வீட்டுக் கோழிகளின் உயிரும் தங்கியுள்ளது.

நான் கடமையாற்றிய ஒரு கிராமத்தில், வீடு மாறிய குடும்பமொன்று தன் கோழிகளைத் தமையன் வீட்டில் விட்டது. “இரண்டும் ஒன்றாய் மேயட்டும், தம்பி, எங்களுக்கு இது ஒரு வேலையா?” என்று தமையனார் அன்புடனேயே கூறினார். பத்து நாட்களுள் இரு வீட்டுக் கோழிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் இறந்தன. நோய் யாருடைய கோழியிலிருந்து வந்ததென்று எவராலும் கூற இயலவில்லை. ஆயினும், இரு குடும்பங்களும் நெடுநாள் முகம் பாராதிருந்தன.

அங்கு வந்தது இராணிக்கெட் நோய். 1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இந்தியாவின் இராணிக்கெட் என்னும் மலையூரிற் காணப்பட்டமையால் அதற்கு அப்பெயர் வழங்கலாயிற்று. நோய்க்கிருமி உடலிற் புகுந்து 2 முதல் 15 நாட்களுக்குள், பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில், குறிகள் தோன்றும். அதற்கு முன்னரே, பார்வைக்கு நலமாயுள்ள கோழியின் எச்சத்திலும் மூச்சிலும் கிருமி வெளிப்படக்கூடும். பச்சை நிறக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்கல், கழுத்துத் திருகல் என்பன கண்ட பின்னர்ச் செய்யத்தக்க மருந்தில்லை. தடுப்பு மருந்து மாத்திரமே உண்டு. அதுவும் பயன்தரச் சில நாட்கள் செல்லும். முன்னரே நோய் தொற்றிய கோழியை அது காப்பாற்றாது. ஆதலின், வீடு மாறுதற்கு இரு கிழமைகளுக்கேனும் முன்பாக அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை அணுகி, பொறுப்பேற்பவரின் கோழிகளுக்கும் உங்கள் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து கொடுப்பித்தல் வேண்டும்.

கோழிகளை அவை இருக்கும் கூட்டிலேயே விட்டு, நம்பத்தக்க அயலவர் ஒருவரைக் காலையும் மாலையும் வந்து பார்க்கச் செய்தலே யாவற்றிலும் நன்று. பழைய வீட்டிற்கு வேறு குடி வரும்வரை இதற்கு வசதியுண்டு. அவ்வாறியலாவிடின், கோழி வளர்க்காத வீடொன்றை நாடுதல் வேண்டும். கோழியுள்ள வீடே கிடைக்குமாயின், வீட்டின் மறுபுறத்தில் வேறு கூடும், வேறு தீன் பாத்திரமும் வைத்து, மூன்று கிழமைகள் கலக்க விடாதிருத்தல் அவசியம். வீட்டுக்காரர் முதலில் தம் கோழிகளைப் பார்த்து, பின்னர் வந்த கோழிகளிடம் செல்லட்டும். திரும்பியதும் கைகால் கழுவட்டும். கடகம், சாக்கு, செருப்பு ஆகியவற்றில் ஒட்டிய எச்சமும் நோயைக் கொண்டு செல்லும். பத்துக் கோழிகளுக்கு 3 சதுர மீற்றர் இடம் போதும். கீரியும் மரநாயும் நுழையாதவாறு கூட்டை அடைத்தல் வேண்டும்.

தீன் பற்றி ஒன்று கூற வேண்டும். உங்கள் வளவில் மேயும் கோழி தன் உணவிற் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்கின்றது. அடைபட்ட கோழிக்கு அது இயலாது. வளர்ந்த கோழியொன்றிற்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீன் தேவை. பத்துக் கோழிகளுக்கு மூன்று கிழமைக்கு 21 கிலோகிராம் ஆகும். 25 கிலோவாகவே கொடுத்துச் செல்லுங்கள். குறுணலும் தவிடும் மாத்திரம் போதா. புண்ணாக்கும் சிப்பித்தூளும் சேர்க்கப்படல் வேண்டும். முருங்கையிலையோ கீரைத்தண்டோ கட்டித் தொங்கவிடலாம். ஆனால், கிருமிநாசினி தெளித்த பாத்தியிலிருந்து எடுத்த இலை ஆகாது. தண்ணீர் கோழிக்குக் கால் லீற்றர்; வெயில் கடுமையாயின் இன்னும் அதிகம்.

அடைகாக்கும் பேட்டை இடம் மாற்றாதீர்கள். 21 நாட்கள் முடியும்வரை பொறுத்திருக்க இயலாதெனின் அம்முட்டைகளைக் கைவிட நேரிடலாம். மிகையான சேவல்களையும் முட்டை ஓய்ந்த கிழப்பேடுகளையும் முன்னரே விற்றுவிடுதல் பொறுப்பேற்பவருக்குச் செய்யும் உபகாரமாகும். குடிபுகும் நாளில் விருந்தினருக்குக் கறியும் வேண்டுமல்லவா?

முட்டை யாருக்கு என்பதையும் முன்னரே பேசி முடித்தல் நன்று. முட்டை முழுவதையும் பார்ப்பவருக்கே விட்டுவிடுவது என் ஆலோசனை. எனினும், இடம் மாறிய பேடுகள் சில நாட்கள் முட்டையிடாமலும் இருக்கலாம். இதை அறியாதவர் ஏமாற்றம் அடைவர். கூட்டிலிருந்து தப்பிய கோழி மிளகாய் நாற்றைக் கிளறினால் நட்டம் யாருடையது, ஒன்று இறந்தால் என்ன செய்வது என்பனவும் பேசப்படல் வேண்டும். இறந்ததைச் சமைக்கவோ வேலிக்கப்பால் எறியவோ கூடாது. சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்து, ஒன்றுக்கு மேற்பட்டவை இறப்பின் உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

கோழிகளைக் கொண்டு செல்வதற்கு இரவில், அவை கூட்டில் அமர்ந்தபின் பிடியுங்கள்; இருளில் அவை அமைதியாயிருக்கும். காலைக் கட்டிச் சைக்கிளில் தலைகீழாய்த் தொங்கவிடாது, காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து வெயில் ஏறுமுன் கொண்டு சேர்த்தல் வேண்டும். புதிய வளவிற்கு அழைத்து வந்ததும் பத்து நாட்கள் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். இன்றேல் அண்மையிலுள்ள பழைய வீட்டை நாடி ஓடிவிடும். முதன்முறை திறக்கும்போது, பொழுது சாய ஒரு மணித்தியாலம் இருக்கையில், தீன் கொடாது திறந்துவிட்டு, இருட்டுமுன் கூட்டினுள்ளே தீனை வையுங்கள்.