நிரப்பிய நிலமும் நீரின் வழியும்

மாரிகாலத்திற் கல்முனைப் பக்கத்து வட்டைகளைச் சுற்றிப் பார்த்தோர் ஒன்றை அறிவர். வரம்பு பெரும்பாலும் உடைவது முன்னாளில் நீரோடிய தடத்திலேயாம். மண்ணை மனிதன் வெட்டி நிரப்பலாம். நீரோ தன் பழைய வழியை எளிதில் விடுவதில்லை. நிலக்கரி அகழ்ந்த குழிகளை மூடி மீட்ட நிலங்கள் உறுதியானவையோ என்று ஆராயும் நிலவுருவ ஆய்வும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குகின்றது.

1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் தேதி, வேல்ஸ் நாட்டு அபர்வன் என்னுஞ் சிற்றூரில், மலைச்சரிவிற் குவித்திருந்த நிலக்கரிக் கழிவுமேடு நீரூறிக் குழம்பாகி இறங்கிப் பாடசாலையை மூடிற்று. மாண்டோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். அம்மேட்டை 1958இல் ஓர் ஊற்றின்மீது எழுப்பத் தொடங்கியிருந்தனர். அவ்வூற்றோ நிலப்படத்திற் குறிக்கப்பட்டிருந்தது! அயலிலிருந்த வேறொரு மேடு 1944இலேயே சரிந்தது. இம்மேட்டின் ஒரு பகுதியும் 1963இற் சரிந்தது. நிலம் இத்தனை முறை எழுதிக் காட்டியும் படிப்பார் இலராயினர்.

நம்மைப் போலவே வடகீழ்ப் பருவமழையை ஏற்கும் கடலூர் மாவட்டத்து நெய்வேலிக்கு வருவாம். அங்குப் பழுப்பு நிலக்கரியை அகழும் நிறுவனம் 1956இல் அமைந்தது. வாளிச்சக்கர எந்திரங்கள் வாரியெடுக்கும் மேல்மண், கரி எடுத்த பள்ளத்திலேயே மீண்டும் பரப்பப்பட்டு, அதன்மீது மரமும் பயிரும் வளர்க்கப்படுகின்றன. பசுமை கண்ணுக்கு இனியது. ஆயின் உறுதிக்கு அதுமட்டுஞ் சான்றாகாது.

ஆய்வாளர் நோக்குவது சரிவின் வடிவையே. இயற்கைக் குன்று பெரும்பாலும் உச்சியிற் குவிந்தும் அடியிற் குழிந்தும் இறங்கும். கீழே செல்லச் செல்ல நீர் பெருகினும், சரிவு தணிந்துவிடுவதால் அதன் அரிக்கும் ஆற்றல் அடங்குகின்றது. எந்திரங் கொட்டிய மேடோ கோடிழுத்தாற்போல் நேராக இறங்குவது. ஆதலின் பெருகிய நீர் அடிப்பகுதியை அறுத்து ஓடைகளை வெட்டும். வானிலிருந்து ஒளிக்கதிரால் தரையுயரத்தை அளந்து, ஆண்டுதோறும் எடுத்த படங்களை ஒப்பிடின், எவ்வோடை மேல்நோக்கி நீள்கின்றது, எப்பகுதி தாழ்கின்றது என்பன புலனாம். உச்சியில் வில்போன்ற வெடிப்பும் அடியிற் பிதுக்கமும் ஒருங்கே காணப்படின், மேடு நகரத் தொடங்கிவிட்டதென்று கொள்ளல் வேண்டும்.

ஆயினும் மேற்பரப்பு எல்லாவற்றையுஞ் சொல்லிவிடாது. நெய்வேலியில் கரிப்படைக்குக் கீழே அழுத்தம் மிக்க நீர் உள்ளது. அகழ்தற்பொருட்டு அதனை இடையறாது இறைக்கின்றனர். இவ்வாறு இறைக்கும் இடங்களில், இறைப்பு நின்று நீர்மட்டம் ஏறுங்கால், தளர்ந்த நிரப்புமண் நனைந்து அமிழ்தல் கூடும். வட இங்கிலாந்தின் ஹோர்ஸ்லி என்னுமிடத்தில் 1970களில் இஃது அளந்தறியப்பட்டது. மீட்ட நிலத்தில் மரம் நடுவோர்க்கு இவ்வமிழ்வு பெரிதன்று. வீடு கட்ட எண்ணுவோரோ சரிவின் படத்தோடு நிலத்தடி நீர்மட்டக் கணக்கையும் பல ஆண்டுகள் சேர்த்துப் பார்த்த பின்னரே அத்திவாரம் வெட்டுதல் வேண்டும்.