யார் பேசுறது?

"சார், போன மாச கரண்ட் பில்லும் அதுக்கு முந்தின மாச பில்லும் ஏறலை. இன்னைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு லைனைக் கட் பண்ணிருவாங்க." விருதுநகரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இப்படி ஓர் அழைப்பு. வெறும் பத்து இலக்க மொபைல் எண். சித்தப்பா பதறவில்லை. "சரிங்க தம்பி, என் சர்வீஸ் நம்பரைச் சொல்லுங்க, பாத்துருவோம்" என்றார். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு ஏதோ ஆப்பை இறக்கச் சொன்னார்கள். "வீட்டுக்கு வந்தே கட் பண்ணிக்கோங்க" என்று வைத்துவிட்டார். நம் ஊரில் வீட்டு பில் ரெண்டு மாதத்துக்கு ஒன்றுதான் வரும் என்பதுகூட அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை.

இறக்கியிருந்தால், அந்த ஆப் போன் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டியிருக்கும். வங்கி அனுப்பும் ஓடிபியை நாம் கண்ணாடி தேடுவதற்குள் அவர்கள் படித்து முடித்திருப்பார்கள்.

தெரியாத எண்ணென்றால் எடுக்கவே கூடாது என்று சிலர் வைராக்கியமாக இருக்கிறார்கள். கூரியர்காரர், பிள்ளையின் பள்ளி வேன் டிரைவர், ஆஸ்பத்திரி என்று அவசரத்துக்குக் கூப்பிடுபவர் எல்லாருமே தெரியாத எண்தானே. எடுக்கலாம். எடுத்ததும் நம் பெயரையோ ஊரையோ நாமாகச் சொல்லாமல், யார், என்ன விஷயம் என்று அவரைச் சொல்ல விட வேண்டும்.

எண்ணைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். 140 என்று தொடங்கினால் விளம்பரம். எடுக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. வங்கி, காப்பீடு, அரசுத் துறை ஆகியவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கிளையில் இருக்கும் லோன் ஆபீசர் இன்னும் சொந்த மொபைலில் கூப்பிடத்தான் செய்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை உள்ளூர் எண்ணாக மாற்றிக் காட்டும் வித்தையும் உண்டு. அதைத் தடுக்கவே 2024 அக்டோபரில் மத்திய அரசு தனியாக ஓர் ஏற்பாடு செய்தது. ஆனாலும் திரையில் தெரியும் எண்ணை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ட்ரூகாலர் காட்டும் பெயரும் அப்படித்தான். அது பெரும்பாலும் மற்றவர்கள் தந்த தகவல். யாரோ எப்படியோ பதிந்து வைத்ததுதான் நமக்குத் தெரிகிறது. எங்கள் பிளம்பர் அதில் 'டேங்க் லீக் அண்ணா'. திருடன் தன் எண்ணுக்கு 'பேங்க் மேனேஜர்' என்று பெயர் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? பலர் 'ஸ்பேம்' என்று குறித்த எண் சிவப்பாக வந்தால் நம்பலாம். நல்ல பெயர் வந்தால் நம்ப வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் +84, +62 என்று வந்தால் வியட்நாம், இந்தோனேசியா எண்கள். அங்கே உங்களுக்கு ஆளில்லை என்றால் விட்டுவிடுங்கள். +60, +65, +94 விஷயத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ இருக்கும் அத்தை பிள்ளை புது சிம் வாங்கியிருக்கலாம். வாட்ஸ்அப் தனியுரிமை அமைப்பில், தெரியாதவர் அழைத்தால் மணி அடிக்காமல் இருக்க வழி உண்டு. அழைப்பு பட்டியலில் பதிவாகிவிடும், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ரிங் அடித்துவிட்டு நிற்கும் வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடாதீர்கள். காசு அங்கேதான் போகும்.

சந்தேகம் வந்துவிட்டால் வாதம் செய்ய வேண்டாம். வைத்துவிட்டு, ஏடிஎம் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே போடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி முதலில் வரும் எண்ணைப் போடுவது, திருடன் வீட்டுக் கதவை நாமே போய்த் தட்டுகிற மாதிரி. வைக்க விடாமல் பிடித்து வைத்தால் அதுவே அடையாளம். போலீஸ் என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' கும்பல் பல மணி நேரம் வீடியோ காலில் உட்கார வைப்பது, நாம் வேறு யாரிடமும் பேசிவிடக்கூடாது என்பதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவர்கள் கதை முடிந்தது. போனில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது. அதேபோல, யாராவது *21* அல்லது *401* என்று தொடங்கி ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்பை அவர்கள் பக்கம் திருப்பிவிடும் வேலை அது.

விளம்பரத் தொல்லைக்கு, 1909க்கு அழைத்து, விளம்பர அழைப்பு வேண்டாம் என்று சொல்லும் டிஎன்டி பட்டியலில் பதியலாம். பதிவு பெற்ற விளம்பரதாரர்களைத்தான் அது கட்டுப்படுத்தும். திருடனுக்கு டிஎன்டி ஏது? மோசடி முயற்சியோடு நின்றிருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

சித்தப்பாவுக்கு இப்போது வேறு பிரச்சினை. யாருக்கும் ஓடிபி சொல்லக்கூடாது என்று நான் ஓதிவிட்டு வந்ததில், சிலிண்டரைத் தோளில் சுமந்து வாசலில் நின்ற கேஸ்காரரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நாலு இலக்க டெலிவரி எண்ணைச் சிலிண்டரைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்லலாம், குறுஞ்செய்தியில் எதற்கான எண் என்று போட்டிருக்கும், படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று திரும்ப விளக்கினேன். கேஸ்காரர் எண்ணையும் போனில் பதிந்து கொடுத்தேன்.