தொழிலிட வளி வெளிப்பாட்டுக் கண்காணிப்பு

தொழிலிட வளி வெளிப்பாட்டுக் கண்காணிப்பு என்பது, தொழிலாளர் ஒருவர் பணி நேரத்தில் மூச்சின்வழி உள்ளிழுக்கும் தூசு, ஆவி, புகை, வளிமம் முதலிய தீங்குதரும் பொருட்களின் அளவை முறையாக அளந்து, அனுமதிக்கப்பட்ட வரம்புடன் ஒப்பிட்டுப் பார்க்கும் செயற்பாடு ஆகும். இது பொதுவான காற்று மாசுக் கண்காணிப்பிலிருந்து வேறுபட்டது. அங்கு ஊரின் காற்று அளக்கப்படுகிறது. இங்கு ஓர் ஆளின் மூச்சுக்காற்று அளக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இதன் தேவையை விளக்கச் சவ்வாது மலையின் (ஜவ்வாது மலை) சுற்றுப்புறம் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

== சவ்வாது மலையும் தோல் தொழிலும் ==

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள சவ்வாது மலையின் வடபுறத்தில், பாலாற்றுப் பள்ளத்தாக்கில், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் நகரங்கள் அமைந்துள்ளன. மரபு முறைப் பதனிடலில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. அரைபதத் தோல் ஏற்றுமதிக்கு 1970-களில் மைய அரசு கட்டுப்பாடுகள் விதித்த பின்னர், குரோமியப் பதனிடலும் முழுத்தோல் உற்பத்தியும் விரைவாகப் பெருகின. பாலாறு மாசடைந்தது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 1996 இல் வழங்கிய தீர்ப்பு பரவலாக அறியப்பட்டது. ஆனால் அவ்வழக்கு நீரைப் பற்றியது. தொழிற்சாலைக்குள் இருக்கும் காற்று அந்த அளவு கவனம் பெறவில்லை.

தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கப்படுகிறது. கரைசல் காரத்தன்மையுடன் இருக்கும் வரை சல்பைடு அதிலேயே தங்கியிருக்கும். அடுத்த கட்டங்களில் பயன்படும் அமிலக் கழிவுநீர் அதனுடன் கலந்தால், ஐதரசன் சல்பைடு வளிமமாக வெளியேறும். இது காற்றை விட ஏறத்தாழ 1.2 மடங்கு அடர்த்தியானது. ஆகவே கழிவுநீர்த் தொட்டி, குழி, சாக்கடை ஆகியவற்றின் அடியில் தேங்குகிறது.

== மோப்பத்தை நம்ப இயலாமை ==

அழுகிய முட்டை நாற்றம் கொண்ட இவ்வளிமத்தைப் பத்து இலட்சத்தில் ஒரு பகுதிக்கும் (1 பிபிஎம்) குறைவான அளவிலேயே மூக்கு உணர்ந்துவிடும். ஆனால் ஏறத்தாழ 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு செயலிழக்கிறது. நாற்றம் நின்றுவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று தொழிலாளர் எண்ணக்கூடிய நேரமும், ஆபத்து மிகுந்திருக்கும் நேரமும் ஒன்றாகின்றன. 700 பிபிஎம்-க்கு மேல் ஓரிரு மூச்சுகளிலேயே மயக்கம் ஏற்படலாம். தொட்டியில் விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அடுத்து இறங்குபவரும் இறப்பது இவ்வகை விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிகழ்வாகும். எனவே தொட்டியில் இறங்குவதற்கு முன், கயிற்றில் இறக்கப்படும் உணர்கருவியாலோ குழாய் வழியாகக் காற்றை மேலே இழுத்தோ, மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் அளக்க வேண்டும். வாய்ப்பகுதியில் மட்டும் அளப்பது பயனற்றது.

== மெல்லக் கொல்லும் தூசு: கோலார் ==

எல்லாப் பொருட்களும் உடனே கொல்வதில்லை. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து பெருந்தொகையான தமிழர்கள் கோலார் தங்க வயலுக்குச் சென்று சுரங்கத் தொழிலாளர் ஆயினர். படிகக்கல் பாறையைத் துளையிடும்போது எழும் மிக நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் சிலிக்கோசிசு என்னும் நோயை உண்டாக்குகிறது. இதைக் குணப்படுத்த இயலாது. 1940-களில் நடந்த ஆய்வொன்றில், பரிசோதிக்கப்பட்ட 7,653 பேரில் 3,402 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு, இந்நோய் இருந்தது கண்டறியப்பட்டது. கதிர்ப்படத்தில் நோய் தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது; தூசை அன்றே அளப்பது ஒன்றே முன்கூட்டி அறியும் வழி. இச்சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது.

== அளவிடும் முறை ==

தொடக்கத்தில் கருவி கூடத்தின் ஓரிடத்தில் நிலையாக வைக்கப்பட்டது. 1960 இல் இங்கிலாந்தின் ஆர்வெல் அணு ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த செர்வுட், கிரீனால்கு ஆகியோர் உடலில் அணியத்தக்க காற்று மாதிரிக் கருவியை வெளியிட்டனர். தொழிலாளர் உண்மையில் உள்ளிழுப்பது, நிலையான கருவி காட்டுவதை விடப் பெரும்பாலும் கூடுதலாக இருப்பது இதன் மூலம் தெளிவாயிற்று. வேலை செய்பவர் தூசு எழும் இடத்திலேயே குனிந்து நிற்கிறார். கருவியோ சுவரோரம் நிற்கிறது.

இன்று இடுப்பில் கட்டிய மின்கல எக்கி, சட்டைக் கழுத்துப்பட்டையில் பொருத்திய வடிதாள் வழியாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் காற்றை இழுக்கிறது. பெருந்துகள்களை ஒரு சிறு சுழற்பிரிப்பான் தனியே விழச்செய்வதால், நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடிய நுண்துகள்களே வடிதாளில் படிகின்றன. ஆவிகளுக்குக் கரித்தூள் நிரப்பிய குழாய் பயன்படுகிறது.

எதை அளக்கிறோம் என்பதும் முக்கியம். பதனிடப் பயன்படும் குரோமியம் மூவிணைதிறன் கொண்டது. புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்டது அறுவிணைதிறன் கொண்ட குரோமியம். இரண்டையும் பிரிக்காமல் "மொத்தக் குரோமியம்" என்று எழுதப்பட்ட அறிக்கையால் பயன் குறைவே.

== வரம்புகள் ==

போபால் பேரழிவுக்குப் பின், 1987 இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எஃப் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் சேர்க்கப்பட்டன. அவை எட்டு மணிநேரச் சராசரி, 15 நிமிடக் குறுங்கால வரம்பு என இருவகை அளவுகளை வகுத்தன. ஐதரசன் சல்பைடுக்கு இவை முறையே 10, 15 பிபிஎம்.

இரண்டு வரம்புகள் எதற்கு என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் 2 மணிநேரம் 20 பிபிஎம் அளவிலும், 6 மணிநேரம் 4 பிபிஎம் அளவிலும் பணிபுரிந்தால், சராசரி = (2×20 + 6×4) ÷ 8 = 8 பிபிஎம். சராசரி வரம்புக்குள் உள்ளது; ஆனால் முதல் இரண்டு மணிநேரமும் குறுங்கால வரம்பு மீறப்பட்டுள்ளது. சராசரியை மட்டும் காட்டும் அறிக்கை இதை மறைத்துவிடும்.

உள்ளிழுக்கத்தக்க சிலிக்காத் தூசுக்கு அட்டவணையில் ஒரு வாய்பாடு தரப்பட்டது: 10 ÷ (படிகக்கல் விழுக்காடு + 2) மில்லிகிராம்/கனமீட்டர். தூசில் 30 விழுக்காடு படிகக்கல் இருந்தால் வரம்பு 0.31 ஆகும், அதில் சிலிக்கா மட்டும் ஏறத்தாழ 0.09. ஐக்கிய அமெரிக்கா 2016 இல் விதித்த வரம்பு 0.05 ஆகும்.

தொழிற்சாலைகள் சட்டம் உட்பட 13 சட்டங்களை ஒன்றிணைத்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பு (2020), 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

== உடல்வழிக் கண்காணிப்பு ==

சில நச்சுகள் மூச்சின்வழி மட்டுமன்றித் தோல், உணவு, உடை வழியாகவும் சேர்கின்றன. அப்போது குருதியிலோ சிறுநீரிலோ அளப்பது காற்றளவீட்டுக்குத் துணையாகிறது. ஈயத்திற்குக் குருதியும் பாதரச ஆவிக்குச் சிறுநீரும் சோதிக்கப்படுகின்றன. கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001 இல் மூடப்பட்ட பின்னர், தொழிலாளர் பாதரசத்தால் பாதிக்கப்பட்டனரா என்பது குறித்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. பாதிப்பு இல்லை என நிறுவனம் கூறியது. முன்னாள் தொழிலாளர்கள் அதை மறுத்தனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு எட்டப்பட்டது. பாதரசம் சில மாதங்களில் சிறுநீரிலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுவதால், பணி முடிந்து ஆண்டுகள் கழித்து எடுக்கும் மாதிரி பழைய வெளிப்பாட்டைக் காட்டாது. பணிக்காலத்தில் எடுத்த அளவீடுகளே சான்றாகும். அவற்றின் படியைத் தொழிலாளரிடமும் கொடுத்து வைப்பது இதனால் இன்றியமையாததாகிறது.