வீட்டுக் கணிப்பொறிக்கும் பூட்டு வேண்டும்

ஒரகடம் சாலையில் உள்ள எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நாம் எளிதில் நுழைந்துவிட முடியாது. வாயிலில் காவலர் நிற்பார்; அடையாள அட்டை கேட்பார்; சாப்பாட்டுப் பையைக்கூடத் திறந்து பார்ப்பார். இத்தனை காவலையும் மீறி ஒருநாள் ஒரு திருடன் நுழைந்தான். அவன் வாயில் வழியாக வரவில்லை, கம்பி வழியாக வந்தான்.

2017ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை. ‘வான்னாக்ரை’ என்னும் தீய நிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிகளைத் தாக்கியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ரெனோ–நிசான் கூட்டணியின் ஆலைகள் பல நாடுகளில் தடைப்பட்டன. நம் ஒரகடத்து ஆலையும் அவற்றுள் ஒன்று என்று செய்தித்தாள்கள் எழுதின. மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் 22 வயது இளைஞர் அந்நிரலுக்குள் ஒளிந்திருந்த ஓர் இணைய முகவரியைப் பதிவு செய்ய, பரவுதல் அடங்கியது. அப்போது அவருக்கு நம்மைவிட இரண்டு மூன்று வயதே கூடுதல்!

இதில் வியப்பு எது தெரியுமா? அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டினை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இடையில் இரண்டு மாத காலம். சைக்கிள் டியூபுக்குப் பங்சர் ஒட்டுவது போன்றதே இது. ஒட்டியவர் தப்பினர், நாளை பார்க்கலாம் என்றிருந்தவர் அகப்பட்டனர். திரையின் மூலையில் ‘அப்டேட்’ என்று வந்து நம்மைத் தொந்தரவு செய்கிறதே, அதுதான் அந்த ஒட்டு.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அண்ணன் தம் முதல் போனஸ் பணத்தில் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்தார். நெட் வீணாகும் என்று சொல்லி, விற்ற கடைக்காரர் அப்டேட்டை நிறுத்தியே கொடுத்தார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பின்னர் ஒருநாள், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஒன்றை இலவசம் என்று கண்ட இடத்திலிருந்து இறக்கினேன். மறுநாள் காலையில் ஒரு கோப்பும் திறக்கவில்லை. என் பாடக்குறிப்புகளை மீண்டும் எழுதிக்கொண்டேன். மறைந்த பாட்டியின் படங்கள் போனவை போனவைதாம். ஐந்நூறு ரூபாய்ப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்திருந்தால் அவை இன்றும் இருந்திருக்கும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் பழைய கணிப்பொறி வாங்கும் நண்பர்கள் நினைவில் கொள்க.

கணிப்பொறியே இல்லாதவர்க்கு இக்கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். உதவித்தொகை விண்ணப்பத்திற்காக ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். திரை முழுதும் முன்பின் அறியாதவர்களின் ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், மதிப்பெண் பட்டியல்கள்! அவற்றுள் எங்கள் தெருக்காரர் ஒருவருடையதும் இருந்தது. வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போர் இங்கே எத்தனை பேர்! கான்டிராக்டருக்கு ஒரு நகல், அறைக்காரருக்கு ஒரு நகல் என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆதார் இணையதளத்தில் முதல் எட்டு எண்களை மறைத்த அட்டையை இறக்கிக்கொள்ளலாம். பல இடங்களுக்கு அது போதும். அச்செடுத்தபின் கோப்பை அழிப்பதும், மின்னஞ்சலிலிருந்து வெளியேறுவதும் அரை நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கடவுச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதி வேண்டாம்; எல்லாவற்றுக்கும் ஒன்றே வேண்டாம். ஓ.டி.பி. எண்ணை வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொள்பவருக்கும் சொல்லற்க. வேலை தருவதாகச் சொல்லிச் சீருடைக்கு முன்பணம் கேட்கும் செய்தி வந்தால், அந்தத் தொழிற்சாலை வாயிலுக்கே போய்க் கேட்டு வரலாம். நமக்கு அது ஒரு பஸ் தூரந்தானே!

ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைப்பவரே மிகுதி. அண்ணனின் நண்பர் ஒருவர் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தால், பணம் திருடனின் கணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் அதை நிறுத்திவைக்க வழியுண்டு. அவர் அழைத்தபோது கணக்கில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.